ஐந்தாவது மைல்கல்

தேயிலைத் தோட்டத்தில் நான் செக்ரோல் என்ற ஆள்வரவுப் பதிவேடு எழுதும் கணக்கப்பிள்ளை. முழு நாள் வேலை செய்தவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். என் கையால் போட்ட அரைப் பேர்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும்; இங்கே சொல்ல விருப்பமில்லை.

எங்கள் முதல் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போய்விட்டார்கள். மூன்றாவது மகளுக்கும் காய்ச்சல் வந்தபோது, அவள் பிழைத்தால் நானும் மனைவியும் வண்டியேறாமல் கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டோம். பிழைத்தாள். ஆடி மாதம் அவளை மைத்துனி வீட்டில் விட்டுவிட்டு, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் பதினொரு பேரோடு பெரகல மலைப்பாதை வழியாக இறங்கினோம்.

மைல்கற்களை எண்ணிக்கொண்டே போனேன். முதல் நாள் காலில் ஏறிய முள்ளை யாரிடமும் சொல்லவில்லை. வெல்லவாயாவைத் தாண்டி ஐந்தாவது கல்லில் பாதம் பானை மாதிரி வீங்கிவிட்டது. உட்கார்ந்தேன். எழ முடியவில்லை.

கொழுந்து எடுக்கும் ஒருத்தி சிரித்தாள். "ஐயாவுக்கு இன்னைக்கி அரைப் பேருதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"நேர்த்தி ரெண்டு பேருக்கும்தானே. நான் வராட்டி புள்ளைக்கி ஏதும் ஆயிருமா?" என்று கேட்டேன்.

"இப்பிடி உக்காந்து கணக்குப் பாத்தா மட்டும் ஒண்ணும் ஆகாதா? நான் போறேன். உங்க பங்கையும் சேத்து நடக்கிறேன்."

திரும்பிப் பார்க்காமல் போனாள். வழியோரக் கடை ஒன்றின் பின்கட்டில் ஒன்பது நாள் கிடந்தேன். கடைக்காரர் முள்ளை எடுத்துப் பச்சிலை கட்டினார். நேர்த்தி முறிந்ததால் பிள்ளை செத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். அழுகை மட்டும் வரவில்லை.

பத்தாம் நாள் மனைவி வந்து என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"எனக்கு என்ன பேர்?" என்றேன்.

"அரைப் பேரு. வேறென்ன?"

வீட்டுக்குப் போனபோது மகள் ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் என்று சொல்லும்படி எதுவும் உள்ளே அசையவில்லை.

அடுத்த வருஷம் தனியாகப் போய், முழுத் தூரமும் நடந்து, சந்நிதியில் நின்றேன். அங்கேயும் உள்ளே அப்படியேதான் இருந்தது. திரும்பும்போது அந்த ஐந்தாவது கல்லில் சிறிது நேரம் உட்கார்ந்தேன்; கால் வலிக்கவில்லை, சும்மாதான்.

மனைவி இறந்து பதினேழு வருஷம். மகளுக்கு நான்கு பிள்ளைகள். என் நோட்டில் முதல் நடைக்கு அரை, இரண்டாவதற்கு ஒன்று என்று இருக்கிறது. அந்த அரையைத் திருத்த எத்தனையோ தடவை பேனாவை எடுத்திருக்கிறேன். அது அவள் போட்டது. இருக்கட்டும்.