பரிமளாவின் குதிகாலுக்கு வலி வந்த நாள்

பரிமளா இறந்துபோன செய்தியை உங்களில் பலருக்குப் போனில் சொன்னது நான்தான். எல்லோரும் ஒன்றையேதான் கேட்டீர்கள்: "நேத்துகூட பாத்தேனே, இன்னா ஆச்சு?" நெஞ்சுவலி என்பதற்கு மேல் அன்று என்னால் பேச முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

ஆம்பூரில் நம் ஷூ கம்பெனியின் செக்கிங் மேசையில் பதினோரு வருடம் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தைத்து வரும் தோலில் நூல் பிரிந்திருந்தால் நான் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும்; அவள் விரலால் தடவியே சொல்லிவிடுவாள்.

ஒரு மழைநாள் காலையில், பேரணாம்பட்டிலிருந்து அவள் வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. வலது குதிகாலில் சதை மிஞ்சவில்லை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தொடையிலிருந்து தோலும் சதையும் ரத்தக்குழாயோடு எடுத்துக் குதிகாலில் பொருத்தினார்கள். நான் பார்க்கப் போனபோது, "செல்வி, இனிமே என் தொடை மேலயே நான் நடக்கணுமாம்டி" என்று சிரித்தாள். கால் பிழைத்தது, ஆனால் அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை. உணர்ச்சி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரலாம், வராமலும் போகலாம், அதுவரை தினமும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பத்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். அவள் வைத்த ஒவ்வொரு அடியிலும் தரையில் ரத்தம். செருப்பைக் கழற்றினால், அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்ன ஆணி நின்றது. மத்தியானத்திலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறாள். புண் எலும்பு வரை போனால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். ஆறு வாரம் கட்டிலில் கிடந்தாள். அப்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. "வலிச்சிருந்தா நின்னிருப்பேனே, செல்வி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதற்குப் பிறகு, சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில் எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டுவாள். நான் நூல் முனையால் குதிகாலைத் தொட வேண்டும். தெரிந்தால் சொல்வாள். பல மாதம் ஓரத்தைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் நான் தொடாமலே இருந்தபோது, "நடுவுல தொட்டே" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் கண்ணைத் திறந்தவள், நூல் என் மடியில் கிடப்பதைப் பார்த்தாள்.

"எனக்கு ஆறுதல் சொல்ல நெறைய பேரு இருக்காங்க. நீ பொய் சொன்னா என் காலு போய்டும்" என்றாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினாள்.

அடுத்த கோடையில் அதே மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்திவிட்டாள். "சுருக்குங்குதுடி." குனிந்து பார்த்தேன். குதிகாலில், ஓரம் தள்ளி இரண்டு விரல் உள்ளே, ஒரு செவ்வெறும்பு கடித்துக்கொண்டு தொங்கியது. தட்டிவிடக் கையை நீட்டினேன். "வாணாம், இரு. கடிக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வலியில்தான் அழுகிறாள் என்று உங்களில் பக்கத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தீர்கள். ஒருவகையில் அதுவும் சரிதான்.

முழுக்க வந்துவிடவில்லை. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. ஒருமுறை, ஒருவரிடம் பேசச் சொல்லி அவளை அந்த வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு கொத்தனார், செத்த சதை எனக்கெதற்கு, வெட்டிவிடுங்கள் என்று அடம்பிடித்தாராம். நானும் கூடப் போனேன். "வந்துடும்னு நான் சொல்ல மாட்டேண்ணா. எனக்குக் கொஞ்சம் வந்துச்சு, கொஞ்சம் வரல. ஆனா நடக்குறேன், பாரு" என்று அந்த வார்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து காட்டினாள். அவர் எழுந்து உட்கார்ந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இறந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். ஆட்டோவில் அவள் தலை என் தோள்மேல் இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மகள் திவ்யா சென்னையிலிருந்து வந்து சேர்ந்ததும் நேராக என்னிடம் வந்தாள். "ஆண்ட்டி, அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதா?" சுற்றியிருந்தவர்கள், இல்லை என்று சொல்லும்படி எனக்குக் கண் காட்டினார்கள். எனக்கும் அதுதான் வாய்வரை வந்தது.

"வலிச்சுதும்மா" என்றேன். "கொஞ்ச நேரம் ரொம்ப வலிச்சுது. என் கையைக் கெட்டியா புடிச்சிட்டிருந்தா. உன் பேரைச் சொன்னா. அப்புறம் கை தளந்துபோச்சு."

திவ்யா அம்மாவின் அந்தக் கையைத் தேடி எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நெடுநேரம் விடவில்லை. கேட்கிறவர் முகத்தைப் பார்த்து மனம் இளகினாலும் உள்ளதைச் சொல்வது, சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருப்பது: பரிமளாவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்.