தெர்ஸாவின் காக்கைக்கால்

இங்கிலாந்தின் போல்வின் துறைமுகத்தில் துணி வெளுத்த தெர்ஸா பாஸ்கோவுக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது. ஆனால் எந்தக் கப்பல் தலைவருக்குத் தொந்தி வைத்துவிட்டது, எந்தச் சீமாட்டியின் பட்டுக்கு அடியில் எத்தனை ஒட்டு என்பதெல்லாம் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லமாட்டாள். அதனாலேயே அவளுக்கு வேலை குறையவில்லை.

பதினைந்து வயதில் மீன்பிடிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். கடற்படைக் கப்பலில் கரி அள்ளிப் போடும் பாஸ்கோவைக் கட்டிக்கொண்டாள். அவன் ஆப்பிரிக்கக் கரையோரம் காய்ச்சலில் செத்தான். பிள்ளை இல்லை. இரண்டு அறை வீடு, பின்கட்டில் வெள்ளாவி வைக்கும் பெரிய செம்புக் கொப்பரை, ஆறு இஸ்திரிப்பெட்டி. முப்பத்தாறு வயதில் அவள் சொத்து இவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அது அவள் பெயர். பல வீட்டுத் துணி ஒரே கொப்பரையில் வேகும் தொழிலில் நல்ல பெயர் இல்லாவிட்டால் ஒரு கைக்குட்டைகூட வந்து சேராது.

துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் சிவப்பு நூலில் ஒரு குறி தைப்பாள். மருந்துக்கடைக்காரருக்கு ஏணி. நங்கூரத் தெரு விடுதிக்கு இரட்டைக் கோடு. குன்றின் மேலிருந்த கொலாகாட் துரை வீட்டுக்குப் பெருக்கல் குறி. அந்த வீட்டுத் துணி மலைபோல் வரும், சீக்கிரம் தைத்து முடிக்க அதுதான் தோது. யார் குறியோ அவர் துணி. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்தப் பழக்கம் அவள் உடம்பில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு அவள் கல்யாணமே சாட்சி. கோயில் பதிவேட்டில், எழுதத் தெரியாதவர்கள் எல்லாரும் போடுவதுபோல ஒரு பெருக்கல் குறி போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். "அது குன்று மேல இருக்கற வீட்டுக் குறிங்க. அதப் போட்டுட்டு நான் யாரு பொண்டாட்டியாப் போறது?" என்றாள். மூன்று விரல், ஒரு குதிகால் என்று காக்கைக்கால் ஒன்றை வரைந்தாள். கோயில் குமாஸ்தா டாப் அரைமணி வாதாடித் தோற்றார்.

இஸ்திரி போட அவளோடு லவ்டே ரண்டில் என்றொரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது. மாடியறையில் குடியிருந்தாள். மழைக்காலத்தில் துணி குறைந்து கூலியும் குறையும்போது, சில நாள் லவ்டே கரைக்கு வந்த மாலுமி யாருடனாவது போவாள். தெர்ஸாவுக்கு அது தெரியும். கேட்டதில்லை. பசி என்னவென்று தெரிந்தவள் கேட்கமாட்டாள்.

சனிக்கிழமைகளில் தெர்ஸா பேஸ்ட்டி சுடுவாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப் கிழங்கும் மாவுக்குள் வைத்து மூடிச் சுடும் அரைவட்டப் பண்டம். பாதி தின்று வைத்ததை வேறொருவர் எடுத்துவிடாமலிருக்க, சுடுவதற்கு முன்பே மூலையில் அவரவர் குறியைக் கீறிவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். லவ்டே கொண்டை ஊசியை எடுத்துத் தன் பங்கில் ஒரு பெருக்கல் குறி கீறுவாள். ஒரு கால் நீளமாக ஓடி, நுனியில் வளைந்து நிற்கும்.

"அடியே, அது கொலாகாட் துரையோட குறிடி. ஒருநாள் அவரோட நீளக் கால்சட்டையக் கொண்டாந்து உன் தட்டுல வைக்கப் போறாங்க பாரு."

"வைக்கட்டும்க்கா. உப்புப் போட்டுத் தின்னுடறேன்."

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் சட்டம் வந்தது. லண்டனில் ஆண்கள் கூடி உட்கார்ந்து, தரைப்படையும் கடற்படையும் நோயில்லாமல் இருக்க வேண்டும் என்று போட்ட சட்டம். நோயைப் பரப்புவதில் மாலுமிக்கும் பங்குண்டு என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. படை இருக்கும் ஊர்களில் சாதாரண உடுப்பில் போலீஸ்காரர்கள் திரிந்தார்கள். விலைமாதோ என்ற சந்தேகம் ஒன்றே போதும். ஒரு பெண்ணை நிறுத்தி, 'என் சொந்த விருப்பத்தில் டாக்டரிடம் வந்து உடம்பைக் காட்டுகிறேன்' என்றிருக்கும் காகிதத்தை நீட்டுவார்கள். குறி போட்டால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் படுத்துக் காட்ட வேண்டும். நோயிருந்தால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் பூட்டுக்குள். குறி போட்டுவிட்டு வராவிட்டால் கோர்ட்டு, பிறகு ஜெயில். காகிதத்தில் இருப்பதைப் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஏனோ நேரமிருப்பதில்லை.

ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் ஆண்டு, மார்ச் மாதத்தில், தெர்ஸாவுக்கு சம்மன் வந்தது. காகிதத்தில் குறி போட்டவள், டாக்டரிடம் வரத் தவறிவிட்டாள் என்று.

அவள் எந்தக் காகிதத்திலும் குறி போட்டதில்லை. சேதி மட்டும் சோப்பு நுரையைவிட வேகமாகப் பொங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செவ்வாய்க்கிழமைக்குள் மூன்று வீட்டுக் கூடைகள் நின்றுபோயின. லவ்டே ஒரு சட்டையை இஸ்திரியில் பொசுக்கிவிட்டு, அழுதுகொண்டே மாடிக்கு ஓடினாள். தனக்காக அழுகிறாள் என்று தெர்ஸா நினைத்தாள்.

புதன்கிழமை டெபோரா ஃபாக்ஸ்வெல் வந்தார். சாம்பல் நிறக் குல்லா வைத்தவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையார் யாருக்கும் தொப்பி எடுக்கமாட்டார்கள். ராஜாவையும் 'நீ' என்பார்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் அமைத்த சங்கத்துக்காகத் துண்டறிக்கையோடு தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார்.

"தெர்ஸா, நீ குறி போட்டியா?"

"இல்லம்மா."

"அப்ப பயப்படாதே. கோர்ட்டுல நான் இருப்பேன்."

"அங்க பேசறதெல்லாம் உங்க காதுல விழக்கூடாத பேச்சும்மா."

"உனக்கும் என் மாதிரி ரெண்டு காதுதானே இருக்கு?"

வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டு நிறைந்திருந்தது. மேடையில் கொலாகாட் துரை. அவர்தான் அந்த ஊர் மாஜிஸ்திரேட். கீழே மேஜையில் டாப். கோயில் போக மீதி நேரம் அவருக்கு அங்கேயும் குமாஸ்தா வேலை. கண்ணியமான பெண்கள் வெளியே போகலாம் என்று சேவகன் கூவினான். நாலைந்து பேர் எழுந்து போனார்கள். மிஸ் ஃபாக்ஸ்வெல் அசையவில்லை.

"தெர்ஸாவும் கண்ணியமான பெண்தான். அவ எப்போ வெளியே போறாளோ, அப்போ நானும் போறேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

இன்ஸ்பெக்டர் க்ரப் காகிதத்தைக் கொடுத்தார். அதில் குறி வாங்கிய போலீஸ்காரன் வேறு துறைமுகத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டான். ஆளை அடையாளம் காட்ட வேறு யாருமில்லை. ஆனால் பெயர் இருக்கிறது, குறி இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார்.

"காட்டு அவளுக்கு" என்றார் மாஜிஸ்திரேட்.

தெர்ஸா குனிந்து பார்த்தாள். பெருக்கல் குறி. ஒரு கால் நீளமாக ஓடி, நுனியில் வளைந்திருந்தது.

வாரா வாரம் அடுப்பிலிருந்து தானே எடுத்து வைத்த குறி. பார்த்தவுடன் எல்லாம் விளங்கிவிட்டது. கூடையோடு துறைமேடையில் போன லவ்டேயை நிறுத்தியிருக்கிறார்கள், பெயர் கேட்டிருக்கிறார்கள், பயத்தில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லியிருக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கோர்ட்டின் கடைசி வரிசையில் லவ்டே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் கஞ்சிபோட்ட துணியாக வெளுத்திருந்தது.

தெர்ஸாவுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபமல்ல, காது மடல் சுடுகிற கோபம். இருபது வருஷம் முதுகொடித்துச் சேர்த்த பெயர். இதோ, விரலை நீட்டி 'அவ போட்டது' என்றால் போதும். கூடைகள் திரும்பி வரும், தானும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் விரல் நீட்டப்பட்டவள் நேரே ஜெயிலுக்குப் போவாள், அதன்பின் ஆயுசுக்கும் அந்த டாக்டர் கட்டிலுக்குப் போவாள்.

"இது உன் குறியா, இல்லையா?" மாஜிஸ்திரேட் அவசரப்பட்டார்.

கூட்டத்தின் புழுக்கத்தில் அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அதன் மூலையில் சிவப்பு நூல் தெரிந்தது. தெர்ஸா அதைப் பார்த்தாள்.

"என்னுது இல்லீங்க, எசமான்."

"அப்ப யாருது?"

"உங்களுதுங்க."

மாஜிஸ்திரேட் மேடையிலிருந்து முன்னே சாய்ந்தார்.

"என்னடி சொன்ன?"

"பதினாறு வருஷமா எசமான் வீட்டுத் துணிக்கு இந்தக் குறிதான் தச்சுப் போடறேன். உங்க கையில இருக்கற கைக்குட்டையிலயும் அதான் இருக்கு, பாருங்க. குறி யாருதோ ஆளும் அவங்கன்னு இன்ஸ்பெக்டர் அய்யா சொல்றாரு. அப்படிப் பாத்தா, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா டாக்டர்கிட்ட நீங்கதான் போகணும், எசமான்."

முதலில் சிரித்தது பின்வரிசை மீன்காரி. பிறகு கோர்ட்டே சிரித்தது. சேவகன் தடியைத் தட்டித் தட்டி ஓய்ந்தான். மாஜிஸ்திரேட் கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்த வேகத்தில் பை கிழியாதது தெர்ஸாவின் தையலுக்கு நற்சான்று.

"இவளுக்கு வேற குறி இருக்கா?" என்று கடைசியில் அவர் உறுமினார்.

டாப் எழுந்தார். தயக்கத்தோடுதான் எழுந்தார். "இருக்குங்க. காக்கைக்கால். கல்யாணப் பதிவேட்டிலேயே இருக்கு. பெருக்கல் குறி போடுன்னு நான் அரைமணி நேரம் கெஞ்சினேங்க. பிடிவாதக்காரி."

குறி அவளுடையது என்று நிரூபணமாகவில்லை, வழக்கு தள்ளுபடி என்று மாஜிஸ்திரேட் எழுதினார். அன்று மத்தியானமே குன்றின் மேலிருந்து ஆள் வந்து, வெளுக்காத துணியை அப்படியே மூட்டை கட்டித் தூக்கிப் போனான். பெரிய வீட்டைப் பின்பற்றி இரண்டு சின்ன வீடுகளும் போயின. தெர்ஸாவின் வருமானத்தில் பாதி அதோடு போயிற்று. நியாயம் கிடைத்தால் சோறும் கிடைக்கும் என்று யார் சொன்னது?

மறுநாள் சனிக்கிழமை. தெர்ஸா வழக்கம்போல மாவு பிசைந்து பேஸ்ட்டி சுட்டாள். லவ்டேயை ஊசி எடுக்கக் கூப்பிடவில்லை. மேஜையில் இரண்டு தட்டு. ஒன்றில் காக்கைக்கால். மற்றொன்றின் மூலை வெறுமையாக இருந்தது.

லவ்டே அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் குறி எங்கக்கா?"

"அத அதுக்கு உடையவருக்கே குடுத்தாச்சு. நீ வேற ஒண்ணு தேடிக்க."

லவ்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாத்தவுடனே தெரிஞ்சிடுச்சா?"

"தெரியாம? உன் கோணக் குறியத்தான வாரா வாரம் பாக்கறேன்."

"பேரு கேட்டான்க்கா. கூடையில உன் குறிதான் இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். வாயில உன் பேருதான் வந்துச்சு. குறி போட்டா விட்டுருவேன்னான். அப்புறம் அங்க போக எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு. போகல. என்னை வெளிய தள்ளிடுக்கா."

"கோவம் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல. இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா பயமுறுத்தினவன விட்டுட்டுப் பயந்தவகிட்ட சண்டை போட எனக்கு நேரமில்லடி. எந்திரி. ஆறிடப் போகுது."

லவ்டே பாதியைத் தின்றாள். மீதியை வைத்துவிட்டு, அதன் அடையாளமில்லாத மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரலில் மிஸ் ஃபாக்ஸ்வெல்லின் சபைக்கூடத்தில், சட்டத்தை ரத்துசெய்யக் கேட்கும் மனுவை நீள மேஜையில் விரித்து வைத்தார்கள். இறால் விற்பவர்கள், பொத்தான் தைப்பவர்கள், ஆசிரியைகள், இரண்டு டாக்டர் மனைவிகள் என்று வரிசை தெருவரை நின்றது. எதிர் நடைபாதையில் இன்ஸ்பெக்டர் க்ரப், தெரிந்த முகங்களைக் கண்ணால் பொறுக்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்தது.

தெர்ஸா தன் காக்கைக்காலைப் போட்டாள். மிஸ் ஃபாக்ஸ்வெல் அதன் பக்கத்தில் அவள் பெயரை எழுதிவிட்டு, அடுத்து நின்ற லவ்டேயிடம் பேனாவைக் கொடுத்தார். "எழுதத் தெரியலேன்னா ஒரு பெருக்கல் குறி போதும்."

"வேணாம்மா. அது என் குறி இல்ல."

லவ்டே நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு மீன்முள் வரைந்தாள். நடுவே ஒரு கோடு, இருபுறமும் மும்மூன்று முள். மை சொட்டிய இடத்தை ஊதிக் காயவைத்தாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்ப்புறத்தில் நின்றவருக்கும் கேட்கும்படி, அவள் குரல் உயர்ந்தது.

"பக்கத்துல பேரு எழுதுங்கம்மா. லவ்டே ரண்டில். நங்கூரத் தெரு, பாஸ்கோ அக்கா வீட்டு மாடி. என் சொந்தப் பேருதான். பெரிசா எழுதுங்க."

சட்டம் ஒழிய அதற்கப்புறம் பதினாறு வருஷம் ஆயிற்று. சேதி வந்த நாளில் தெர்ஸா கொப்பரையில் துணி கிளறிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்; துணி வெந்துகொண்டிருந்ததால் கையை நிறுத்தவில்லை. ஆனால் அந்த வாரம் பேஸ்ட்டி சுட்டபோது, மாடியிலிருந்து லவ்டே இறங்கி வரும்வரை காத்திராமல், மீன்முள்ளைத் தன் கையாலேயே கீறி வைத்தாள். ஒரு முள்கூடக் குறையவில்லை.