இருபது அடிக்குள்

என் மகளுக்கு ஐந்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. எட்டு வயதில் அவள் கையில் சென்சார் ஒட்டினோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவளுடைய சர்க்கரை அளவு என் போனில் வந்துவிடும். அவள் உடம்பு அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒன்றுதான், அவள் இருபது அடிக்கு மேல் விலகிப் போனால் எண் வராது.

மாதா தேர் அன்று சாயங்காலம் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாள். போனில் அவள் எண்ணும் வரவில்லை. வளையல் கடைக்கு ஓடியிருப்பாள், கிடைக்கட்டும், முதுகில் ரெண்டு வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டே தேடினேன். கடைகளில் இல்லை. மாதா சிலை இருக்கும் கெபியிலும் இல்லை. தேருக்குப் பின்னால் வந்தபோது போன் அதிர்ந்தது. அறுபத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. அம்பு கீழே காட்டியது.

எண் வந்தால் அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். ஆனால் நின்றிருந்த பிள்ளைகளில் அவள் இல்லை. கத்தினேன். பேண்டு சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேண்டுதல் வைத்த நேர்ச்சைக்காரர்கள் தேருக்குப் பின்னால் மணலில் விழுந்து கும்பிட்டு வந்தார்கள். குப்புறக் கிடந்த ஒரு வெள்ளை உடுப்புக்காரியை ஒதுங்கித் தாண்டினேன். அன்று பாதிப் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புதான்.

ஐம்பத்தொன்று. பிள்ளையைக் காணவில்லை, அவள் ரத்தம் மட்டும் என் உள்ளங்கையில் இறங்கிக்கொண்டிருந்தது. வந்த வழியே திரும்பி ஓடினேன்.

"பாத்துப் போ மக்கா, நேர்ச்சப் பிள்ள கெடக்கு, மிதிச்சிராத," என்றாள் ஒரு அம்மா. யாரோ அந்தப் பிள்ளையின் முதுகில், தேருக்குக் காணிக்கையாகப் போடும் உப்பும் மிளகும் தூவியிருந்தார்கள். மறுபடியும் தாண்டினேன்.

மூன்றாவது முறைதான் மணல் அப்பியிருந்த அந்தக் கையில் சென்சாரின் வட்டத்தைப் பார்த்தேன்.

"எழுப்பாத மக்கா, நேர்ச்ச முறிஞ்சிரும்!" என்றாள் அந்த அம்மா.

அவளைப் புரட்டி மடியில் போட்டேன். கண் பாதி திறந்திருந்தது. பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோசைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்தேன். விழுங்கினாள். சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்தும்விட்டாள். போனில் எண் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது; அது எப்போதும் கொஞ்ச நேரம் பிந்தித்தான் காட்டும்.

"ம்மா," என்றாள், "ரெண்டு தடவ என்னத் தாண்டிப் போனியே. ஒன் காலப் பிடிக்கப் பாத்தேன். நீ போனப் பாத்துட்டே போயிட்ட."