கேரியர் இல்லாத சைக்கிள்

1978 ஜூன் 14, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறிப்போயிருந்த கோப்பியைச் சுட வைத்துக் குடித்தேன். டயர்களில் காற்றுப் பார்த்தேன். ஆறு பத்துக்குக் கிளம்பி, ஆறு நாற்பத்தாறுக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வாசலில் இறங்கினேன். முப்பத்தாறு நிமிடம். நாட்குறிப்பில் அதன் அடியில் கோடு போட்டிருக்கிறேன். பழைய சைக்கிளில் நாற்பத்தைந்து ஆகும்.

அந்தக் கோப்பியை என் மனைவி நாலரைக்கே போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை நாட்குறிப்பில் எழுதவில்லை.

வீட்டிலிருந்து இரண்டரை மைல் தள்ளி, ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் பால் வெட்டினாள். விடியுமுன் பெரட்டு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. நான்கு வருடம் அவளைக் கறுப்புச் சைக்கிளின் கேரியரில் உட்கார்த்திப் போய், பெரட்டுக் களத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அகலமான ஸ்பிரிங் சீட்டு, நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில். தொழிற்சாலையில், "என்னா மச்சான், தோட்டத்து லோரி வந்துருச்சா?" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். மே மாதம் அதைக் கடையில் தள்ளிவிட்டு, ஆட்டுக்கடாக் கொம்பு போல ஹேண்டில் வளைந்த ரேஸ் சைக்கிள் வாங்கினேன். அதில் கேரியர் இல்லை.

"பரவால்ல, நடந்துக்கிறேன்" என்றாள். நான் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினேன்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வீடு திரும்பியபோது அவளுடைய வேலைச் சட்டை கொடியில் சுத்தமாகத் தொங்கியது. பால் கறை இல்லை.

"இன்னிக்கு வெட்டலயா?"

"போறதுக்குள்ள பேரு கூப்ட்டு முடிச்சிட்டாங்க. மண்டோரு திருப்பி அனுப்பிட்டாரு."

"ஒரு நாள்தான?"

"மூணாவது தடவ."

"ஏன் சொல்லல?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "வந்ததும் வராததுமா நிமிசம் எழுத உக்காந்துருவீங்க. நடுவுல எங்க சொல்றது லா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். மற்ற இரண்டு நாட்கள் எவை என்று கேட்டு, பக்கங்களைப் புரட்டினேன். ஒன்றில் முப்பத்தெட்டு நிமிடம். மற்றதில் முப்பத்தேழு, பக்கத்தில் 'எதிர்க்காற்று இல்லை' என்று என் கையெழுத்து.

உடனே ரேஸ் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். என் பழைய வண்டி விற்றுப் போயிருந்தது. அதைவிடக் கனமான ஒன்று, கேரியரோடு, மூலையில் நின்றது. அதையே மாற்றிக் கேட்டேன்.

"என்னா தம்பி, ஒரு மாசம்கூட தாங்கல? முதுகு புடிச்சிக்கிச்சா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாண்ணே, முதுகுதான்" என்றேன். அந்தப் பொய்யையும் இன்றுதான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை நாலு மணிக்கு, முகம்கூடக் கழுவாமல், ஒரு அரிசிச் சாக்கை நான்காக மடித்துக் கேரியரில் கட்டினேன்.