ஐபாசி

மழை பிடித்ததும், மேலைநாட்டு நகரமான கெந்தில் எங்கள் தெருவில் எல்லாரும் சன்னலைச் சாத்துவார்கள். ஓவியர் ஃபிர்மின் மட்டும் திறப்பார். ஈரக்காற்று அறைக்குள் நிறைந்த பிறகே தூரிகையைத் தொடுவார். கீழ்த்தளத்திலிருந்து மனைவி கோதலீவின் குரல் படியேறி வரும்: "ஏங்க, கோயில் கட்டுறீங்களா, குளம் வெட்டுறீங்களா? அடுப்பு மேல சொட்டுது!"

"குளம் இல்லாம கோயில் ஏதும்மா?" என்பார் இவர்.

உயரமான, சற்றே கூனிய உருவம். காதில் செருகிய கரித்துண்டோடு சாப்பிட உட்காருவார். அது சூப்பில் விழுவதும் உண்டு. இளமையில் ஒருமுறை தாராசுரம் சென்றிருந்தார். அடைமழை. ஆடுகளோடு மண்டபத்தில் ஒதுங்கியபடியே வரைந்தார். திரும்பும்வரை வெயில் தலைகாட்டவில்லை. இன்றும் அவர் தீட்டும் கல்தேரின் சக்கரங்கள் நீரில் அமிழ்ந்தே இருக்கின்றன. தூண்கள் நனைந்த எருமையின் முதுகைப்போல் மின்னுகின்றன.

வானத்துக்கு அவர் குழைக்கும் சாம்பல் நிறத்தின் பெயர் 'ஐபாசி'. அன்று தாராசுரத்தில் வானத்தைச் சுட்டி இது என்ன என்று கேட்டாராம். தேநீர்க்கடைக்காரர் "ஐப்பசி" என்றாராம். அது மாதத்தின் பெயர் என்று அடுத்த வீட்டுக்காரனான நான் சொன்னபோது அவர் கலங்கவில்லை. "மாசத்துக்கு ஒரு நிறம் இருக்கக்கூடாதா, என்ன?"

சொந்த ஊரில் அவர் படம் எங்கும் மாட்டப்பட்டதில்லை. இந்த ஆண்டு நகரக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் மார்லீன் அம்மையார், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்தார். பெரிய படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"கோயில் அழகுதான் சார். ஆனா இது நம்ம ஊரு வானமாச்சே! இந்தியான்னா வெயில் வேணாமா? மஞ்சளா ஒரு சூரியன் வையுங்க, இப்பவே ஏத்திக்கிட்டுப் போறேன். இல்லேன்னா கண்காட்சியில உங்களுக்கு வெச்சிருக்கிற சுவரை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

கோதலீவ் கரண்டியோடு படியேறி வந்துவிட்டார். "ஒரு பொட்டு மஞ்சள்தானேங்க! நம்ம ஊர்ல உங்க படத்தை ஒருதரமாவது ஆணியில பாத்துடறேனே."

ஃபிர்மின் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மஞ்சளைப் பிதுக்கினார், முக்காலிமேல் ஏறினார். தூரிகை சாம்பல் வானத்தருகே சென்று தயங்கியது. மெல்ல இறங்கியது; விமானத்தைக் கடந்து, தூண்களைக் கடந்து, கருவறை வாயிலின் இருளுக்குள் நுழைந்து, எள்ளளவாய் ஒரு சுடரை வைத்தது.

மிச்ச மஞ்சளைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு, சன்னலின் மற்றொரு கதவையும் திறந்துவிட்டார்.