செவுளைத் தூக்கிப் பார்

எண்ணூர் கழிமுகத்து மடவை மீன் என்றால் தண்டையார்பேட்டைத் தெருக்களில் இருதயம்மாளைத்தான் தேடுவார்கள். கூடையை இறக்கியதும் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். அவள் தடுத்ததே இல்லை. பார்க்கவிடாதவள் பழைய மீன் விற்கிறவள் என்பது அவள் கட்சி.

எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு காலை, வாடிக்கைக்காரி ஷரீஃபுன்னிசா மீனை மோந்துவிட்டுத் திரும்பக் கூடையில் எறிந்தாள். "இன்னாம்மா இது, கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குது!"

ஒரே வாரத்தில் 'கிருஷ்ணாயிலம்மா' என்று பெயர் விழுந்தது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று அவள் தேட வேண்டியதில்லை. புருஷன் சிலுவைமுத்து பாய்லர் பார்க்கும் கம்பித் தொழிற்சாலையின் கழிவு வாய்க்கால்தான் கழிமுகத்தில் விழுந்தது. கூடையோடு நேரே தொழிற்சாலை கேட்டுக்குப் போனாள். மேனேஜரின் மூக்கருகே ஒரு மீனை நீட்டினாள்.

"மோந்து பாருய்யா. இத்த நீ துன்னுவியா?"

"ஃபேக்டரின்னா அழுக்கு இருக்கத்தான் செய்யும். நாலு மீனுக்காக இழுத்து மூடணுமா?" என்று மேனேஜர் சிரித்தார். அடுத்தவள் சோற்றில் மண்ணைப் போட்டவனுக்கு எத்தனை சாவகாசமான சிரிப்பு!

சிலுவைமுத்து ஓடி வந்தான். "மூட வேணாம் சார். மூணு தொட்டி கட்னா எண்ணெ மேல மெதக்கும். வழிச்சி பாய்லருக்கே ஊத்திக்கலாம்."

"உன் வேலையைப் பாரு" என்றார் மேனேஜர். அவன் தலை குனிந்தான். அந்தக் குனிவையும் இருதயம்மாள் மன்னிக்கவில்லை.

எழுபத்துநாலில் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. பத்தே நாளில் மூன்று தொட்டிகள் எழும்பின. பக்கத்துத் தொழிற்சாலைகள் உலை அணைந்து கிடக்க, இது மட்டும் வழித்த எண்ணெயைக் கலந்து எரித்து ஓடியது. அவற்றின் ஆர்டர்களெல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. ஆயுத பூஜையன்று மேனேஜருக்கு ஆளுயர மாலை. சிலுவைமுத்துவுக்கு ஒரு பொட்டலம் பொரி.

கேட்டில் இருதயம்மாளைக் கண்டதும் மேனேஜர் பெருமையாகச் சொன்னார்: "பாத்தியாம்மா, இப்ப தண்ணி சுத்தம். கம்பெனிக்கும் லாபம்."

"மூணு வருசம் முன்னாடி என் புருசன் சொன்னதுதானே இது? என் மீனு நாறுனப்போ உன் மூக்கு எங்க போச்சு? எண்ணெ வெல ஏறுனாதான் உனக்கு மோப்பம் வருமா?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு நடந்தாள். மீன் அன்று பளபளவென்று இருந்தது, கடல் வாசனை தவிர வேறு வாசனை இல்லை. ஷரீஃபுன்னிசா வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள்.

"கிருஷ்ணாயிலம்மா வந்துகீது" என்றபடி ஷரீஃபுன்னிசா கதவைச் சாத்தினாள். அந்தத் தெருவில் ஒருத்தியும் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை.