கேமரா முதலில் பார்த்த முகம்

நான் பார்ப்பது ஆன்லைன் நோட்டரி வேலை. ஊருக்குப் போன் செய்து இதைச் சொன்னால், "அப்ப நீ வக்கீலாயிட்டியா?" என்கிறார்கள். இல்லை. அமெரிக்காவில் நோட்டரியாக இருக்க வக்கீலுக்குப் படிக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடுகிறவர் உண்மையிலேயே அவர்தானா, தன் விருப்பத்தோடுதான் போடுகிறாரா என்று பார்த்து முத்திரை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் எதிரில் வந்து உட்கார வேண்டும் என்பதுகூட இப்போது இல்லை. பிளானோ என்கிற ஊரில், டோல்வே என்னும் சுங்கச் சாலை தெரிகிற ஒரு சின்ன அலுவலக அறையில் நான் இருப்பேன். அவர் எங்கேயோ இருப்பார். நடுவில் ஒரு கேமரா.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் விசைத்தறியில் வேலை பார்த்தவர்கள். எந்த ஆபீசுக்குப் போனாலும் கைநாட்டுதான். யாரோ ஒருவர் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டுவார், அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அதனாலோ என்னவோ, ஒருவரை அவருடைய முகத்தை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுகிற இந்த இயந்திரம் எனக்கு இன்னும் பழகவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் காபி குடித்துக்கொண்டே பார்க்கிற திரையை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன்.

அது செய்வது இதைத்தான். கையெழுத்துப் போடுகிறவர் முதலில் தன் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பிறகு கேமராவைப் பார்க்க வேண்டும். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, மேலே பார் என்று திரை சொல்லும். பாஸ்போர்ட்டில் இருக்கும் முகமும் கேமராவில் தெரியும் முகமும் ஒன்றா என்று ஒரு சோதனை. எதிரில் இருப்பது உயிருள்ள ஆளா, வெறும் போட்டோவா என்று இன்னொரு சோதனை. இரண்டிலும் தேறினால்தான் அவர் என்னிடம் வர முடியும். மூன்று தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது.

போன வருடம் ஒரு மதியம் நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷன் ஊரிலிருந்து ஒரு அம்மா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கணவரும் அவரும் பிளானோவில் சேர்ந்து வாங்கிய வீட்டை விற்கிறார். கணவர் இறந்தபின் அங்கே மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு ஆங்கிலம் கடைக்குப் போய்வர மட்டும்தான். நோட்டரியும் கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே மொழியில் நேராகப் பேசிக்கொள்ள வேண்டும், நடுவில் மகன் நின்று மொழிபெயர்க்கக் கூடாது. அதனால் தமிழ் பேசுகிற நோட்டரியாகத் தேடிப்பிடித்து என்னிடம் கொடுத்திருந்தார்கள். அன்று மாலைக்குள் கையெழுத்து ஆக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தள்ளிப்போனதால், இனியும் தள்ளினால் விலகிவிடுவதாக வீட்டை வாங்குபவர்கள் சொல்லியிருந்தார்கள்.

சொன்ன நேரத்துக்கு அந்த அம்மா திரைக்கு வரவில்லை. மகன்தான் போனில் வந்தார்.

"ப்ரோ, ரெண்டு டைம் ட்ரை பண்ணிட்டோம். ஃபெயில் ஆயிட்டே இருக்கு. இன்னொரு டைம் போச்சுன்னா லாக் ஆயிடுமாம்."

"இப்ப எதுவும் தொடாதீங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

சோதனை தவறினால் அந்தப் படங்கள் எங்களுக்கு வரும். முதல் படத்தைத் திறந்தேன். படத்தின் கீழ்ப்பக்கம், வெளிச்சம் போதாமல், அறுபதையொட்டிய ஒரு பெண். வெறும் நெற்றி. அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய சட்டம் போட்ட, ஒரு ஆணின் படம். சந்தன மாலை, நெற்றியில் குங்குமம், மேலே ஒரு சின்ன பல்பு. இயந்திரம் தான் கண்டுபிடித்த முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போடும். அந்தக் கட்டம் அவருடைய முகத்தில் இல்லை. சுவரில் இருந்தவரின் முகத்தில் இருந்தது.

பல்பு வெளிச்சத்தில் இறந்துபோன கணவரின் முகம்தான் அந்த அறையிலேயே தெளிவாக இருந்தது. அதைப் போய் மனைவியின் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, 'முகம் பொருந்தவில்லை' என்று சொல்லியிருந்தது. இரண்டாவது படத்திலும் கட்டம் அவர்மேலேதான். இந்தத் தடவை திரும்பு திரும்பு என்று கேட்டுப் பார்த்திருக்கிறது. அவர் திரும்பவில்லை. 'உயிருள்ள நபர் இல்லை' என்று வந்திருந்தது.

அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

இரண்டு படங்களுக்கும் நடுவே இன்னொரு வித்தியாசம் இருந்தது. இரண்டாவது படத்தில் அந்த அம்மாவின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"சொல்லுங்க தம்பி. உங்க பேச்சக் கேட்டா நம்ம பக்கம் மாதிரி இருக்குது?"

"ஈரோட்டுப் பக்கங்கம்மா."

"அட, அப்ப நல்லதாப் போச்சு. ஏன் தம்பி, மிஷினுக்கு என்னைத் தெரியலையாமா? பாஸ்போர்ட்டுல பொட்டோட இருக்கறன். இப்ப வெறும் நெத்தியா இருக்கறதுனால ஆள் மாறிப்போச்சுன்னு நெனச்சுக்குச்சாட்ட இருக்குது. அதான் மருமவகிட்ட ஒண்ணு வாங்கி ஒட்டிப் பாத்தன். அவரு போனதுக்கப்பறம் இன்னைக்குத்தான் வெச்சேன். அப்பவும் இல்லீன்னுட்டுது."



"பொட்டு காரணமில்லீங்கம்மா. நீங்க வெச்சாலும் வெக்காட்டியும் அதுக்கு நீங்கதான். அது உங்களையே இன்னும் பாக்கலீங்க. உங்களுக்குப் பின்னால இருக்கறாரில்லீங்களா, அவரைப் பாத்துட்டு இருந்திருக்குது."

அந்தப் பக்கம் அவர் மெல்லச் சிரித்தார்.

"எங்க போனாலும் மொதல்ல அவரத்தான் பாப்பாங்க. மிஷினுமா?"

பின்னாலிருந்து மகன், "ஐ டோல்ட் யூ, மா. கழட்டி வெச்சிடலாம்னு அப்பவே சொன்னேன்" என்றார்.

"நீ சும்மா இரு. வருசத் திதி கும்பிடாம படத்த எறக்குவாங்களா? அதுவுமில்லாம, அவரு வாங்குன வீட்ட அவருக்குத் தெரியாம விக்கறதா? தெரிஞ்சுதான தம்பி இங்க உக்காந்தன்."

அப்போதுதான் புரிந்தது, அவர் தற்செயலாக அந்தச் சுவரோரம் உட்காரவில்லை என்று. வேறு அறைக்குப் போகச் சொல்ல என் வாய் வரை வந்தது. ஒரு தடவைதான் பாக்கி. அந்த வாய்ப்பும் போனால் விற்பனை கைவிட்டுப் போவது அவர்களுக்குத்தான், எனக்கில்லை. சொல்லிவிட வேண்டியதுதான் என்று தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் அவரே, "அவரு எனக்குப் பின்னால இருந்தாத்தான உங்க மிஷினுக்குத் தொல்லை?" என்றார். "நான் அவரப் பாத்த மாதிரி திரும்பி உக்காந்துக்கட்டுமா?"

"உக்காருங்கம்மா" என்றேன். இவ்வளவு எளிதான ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மகன் லேப்டாப்பைச் சுவரோரமாக மாற்றி வைத்தார். கடைசித் தடவை என்பதால் சோதனைத் திரையை நானும் நேரலையில் திறந்துகொண்டேன். இப்போது அவருக்குப் பின்னால் வெறும் ஹால். படம் கேமராவுக்கு மேலே. அந்தப் பல்பின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

"தம்பி, இந்தப் பொட்ட எடுத்துரட்டுமா?"

"அது உங்க இஷ்டங்கம்மா."

கையை நெற்றி வரை கொண்டுபோனார். அப்புறம் கீழே இறக்கிக்கொண்டார்.

மூன்றாவது தடவை. பச்சைக் கட்டம் சற்றுத் தடுமாறி அவர் முகத்தில் வந்து நின்றது. இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். 'மேலே பாருங்கள்' என்று திரை சொன்னது. மேலே பார்த்தார். மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். இவர் பார்த்த விதம் வேறு.

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 'உயிருள்ள நபர்' என்று வந்தது. 'முகம் பொருந்துகிறது' என்று வந்தது.

பாஸ்போர்ட் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் இருந்தவர் கன்னம் உப்பிய, மூக்குத்தி போட்ட, பெரிய பொட்டு வைத்த பெண். திரையில் இருந்தவர் பாதியாக இளைத்திருந்தார். என்னிடம் கேட்டிருந்தால் அக்கா தங்கை என்றுதான் சொல்லியிருப்பேன். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், மூக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் என்று எதை எதையோ எண்ணாக்கி இயந்திரம் பார்க்கிறது. துக்கத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவ்வளவு இழந்த பிறகும் அவர் அவர்தான் என்று தயங்காமல் சொன்னது அந்த அறையில் அது ஒன்றுதான். எனக்குக் கும்பிடத் தோன்றியது.

அடுத்து என் வேலை. வீடியோப் பதிவு ஓடத் தொடங்கியது.

"அம்மா, இனி ரூம்ல உங்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாதுங்க."

மகன் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"இவரு?" என்று மேலே கையைக் காட்டினார்.

"அவரு இருக்கட்டுங்க."

"இது என்ன பத்திரம்னு தெரியுங்களா?" என்று பதிவுக்காகக் கேட்டேன்.

"பிளானோ வீட்ட வித்துக் குடுக்கறதுக்குங்க."

"யாராவது கட்டாயப்படுத்திக் கையெழுத்துப் போடச் சொன்னாங்களா?"

யோசித்தார். "அவரு போனாரு பாருங்க, அதுதான் கட்டாயம். மனுசங்க யாரும் சொல்லலீங்க. நானாத்தான் போடறன்."

லேப்டாப் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டார். முதல் எழுத்து கோணிக்கொண்டு போனது. நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு மிச்சத்தை நேராக எழுதினார். நான் முத்திரையை வைத்தேன். திரையில் அது ஒரு சின்ன வட்டம், சத்தம்கூட வராது.

"ஆயிருச்சுங்களா தம்பி?"

"ஆயிருச்சுங்கம்மா."

பதிவை நிறுத்த வேண்டிய பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கேமராவுக்குச் சற்று மேலே பார்த்து, பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"ஏனுங்க, ஆயிருச்சாமா."